ஷிர்லி டெம்பிள்: குழந்தை நட்சத்திரம் தூதரான வரலாறு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷிர்லி டெம்பிள் யார்?

1930-களில் உலகமே கொண்டாடிய ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம். 1928 ஏப்ரல் 23-ஆம் தேதி கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பிறந்தார். ஆறு வயதில் ஆஸ்கர் வாங்கினார், இருபத்திரண்டு வயதில் சினிமாவை விட்டார். பிறகு ஷிர்லி டெம்பிள் பிளாக் என்ற பெயரில் ஐ.நா. பிரதிநிதியாகவும், கானாவுக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அமெரிக்கத் தூதராகவும் பணியாற்றினார். பலருக்கு முதல் பாதிதான் தெரியும். கன்னக்குழியும் சுருள் முடியும் நினைவில் நின்ற அளவுக்கு அவருடைய தூதரகப் பணி நிற்கவில்லை. இந்தக் கேள்வி-பதிலை எழுத எனக்குத் தோன்றியதே அந்த ஆதங்கத்தால்தான்.

எந்த வயதில் நடிக்க வந்தார்?

மூன்று வயதில். அப்பா ஜார்ஜ் டெம்பிள் வங்கி ஊழியர். அம்மா கெர்ட்ரூட்தான் மகளை 1931-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த மெக்லின் நடனப் பள்ளியில் சேர்த்தார். எஜுகேஷனல் பிக்சர்ஸ் என்ற படநிறுவனத்தார் அங்கே வந்து குழந்தைகளைப் பார்வையிட்டு ஷிர்லியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த நிறுவனம் எடுத்தவை 'பேபி பர்லெஸ்க்ஸ்' என்ற குறும்படங்கள். இடுப்பில் துணி சுற்றிய சின்னக் குழந்தைகளைப் பெரியவர்கள் மாதிரி பேசவும் நடிக்கவும் வைத்து, அப்போது ஓடிய படங்களைக் கேலி செய்வார்கள். இன்று பார்த்தால் மனம் கூசுகிறது. சொன்னபடி நடிக்காத குழந்தையை, உட்கார ஒரு பனிக்கட்டி மட்டுமே இருக்கும் இருட்டுப் பெட்டிக்குள் அடைத்து வைப்பார்களாம். 1988-இல் வந்த தன்வரலாற்றில் ஷிர்லியே இதை எழுதியிருக்கிறார். குழந்தைகளின் வெகுளித்தனத்தைச் சுரண்டிய படங்கள் என்று பிற்காலத்தில் அவற்றைக் கடிந்தார். அவருடைய சிரிப்பை ரசிப்பவர்கள் இந்தப் பெட்டியையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

வயதைக் குறைத்துச் சொன்னார்கள் என்பது உண்மையா?

உண்மை. குழந்தை நட்சத்திரத்துக்கு ஒவ்வொரு வருடமும் விலைமதிப்புள்ளது என்பதால் ஸ்டுடியோ ஒரு வயதைக் குறைத்து விளம்பரம் செய்தது. அது அவருக்கே தெரியாது. பன்னிரண்டாவது பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், தனக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

உண்மையில் எவ்வளவு பெரிய நட்சத்திரம்?

1935 முதல் 1938 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள், அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலில் முதலிடம் அவருக்குத்தான். கிளார்க் கேபிள் போன்ற நாயகர்களெல்லாம் அவருக்குப் பின்னால்தான். பெரும் பொருளாதார மந்தத்தில் மக்கள் வேலையிழந்து தவித்த காலம் அது. அவருடைய படங்களை எடுத்த ஃபாக்ஸ் நிறுவனமும் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. 1934-இல் 'ஸ்டாண்ட் அப் அண்ட் சியர்' படத்தில் ஒரு பாட்டுக்கு ஆடினார். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுக்க அவர் படங்கள்தான். அதே ஆண்டின் 'பிரைட் ஐஸ்' அவருக்காகவே எழுதப்பட்டது. 1935 பிப்ரவரியில் சிறுவர்களுக்கான சிறப்பு ஆஸ்கர் விருது முதன்முதலாக அவருக்குக் கொடுக்கப்பட்டது.

படத்தோடு நிற்கவில்லை. ஐடியல் நிறுவனத்தின் ஷிர்லி பொம்மைகள், உடைகள், கோப்பைகள் என்று கடையெல்லாம் அவர் முகம். தலையில் சரியாக 56 சுருள்கள் இருக்கும்படி அம்மா தினமும் முடியைச் சுற்றிவிடுவார். ஒரு கடையில் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்கப் போனபோது அந்தத் தாத்தா இவரிடம் ஆட்டோகிராஃப் கேட்டாராம். அன்றோடு தாத்தா மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பில் ராபின்சனோடு ஆடிய படிக்கட்டு நடனம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

1935-இல் வந்த 'தி லிட்டில் கர்னல்' படத்தில் 'போஜாங்கிள்ஸ்' என்று புகழ்பெற்ற டேப் நடனக் கலைஞர் பில் ராபின்சனும் ஷிர்லியும் மாடிப்படியில் ஏறி இறங்கி ஆடுவார்கள். கறுப்பினக் கலைஞர் ஒருவரும் வெள்ளையினக் குழந்தையும் கைகோத்து ஆடுவதை ஹாலிவுட் படம் அதற்கு முன் காட்டியதில்லை. நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய தென் மாநிலங்களில் அவர்கள் சேர்ந்து ஆடும் காட்சிகளை வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஓட்டினார்கள். இருவரும் சேர்ந்து நான்கு படங்களில் நடித்தார்கள். ராபின்சனை அவர் 'அங்கிள் பில்லி' என்றுதான் கூப்பிடுவார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் படங்களில் ராபின்சனுக்குக் கிடைத்ததெல்லாம் வேலைக்காரர் அல்லது அடிமை வேடம். அதே ஆண்டில் வந்த 'தி லிட்டிலஸ்ட் ரெபெல்' உள்நாட்டுப் போர்க்காலத்து அடிமை முறையைச் சுகமான வாழ்க்கை போலக் காட்டுகிறது. நடனத்தின் அழகு அழகுதான். படத்தின் பொய் பொய்தான்.

தமிழ்ப் படவுலகத்தோடு ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அவர் புகழ் சென்னை வரை வந்தது. கே. சுப்ரமணியம் இயக்கி 1937-இல் வந்த 'பாலயோகினி'யில் நடித்த பேபி சரோஜாவை 'இந்தியாவின் ஷிர்லி டெம்பிள்' என்றே பத்திரிகைகள் எழுதின. பிறந்த பெண் குழந்தைக்கெல்லாம் சரோஜா என்று பெயர் வைக்கும் அளவுக்கு அந்தக் குழந்தை நம் ஊரைக் கட்டிப்போட்டது.

சம்பாதித்த பணமெல்லாம் என்ன ஆனது?

சுமார் 32 லட்சம் டாலர் சம்பாதித்திருந்தார். 1950-இல், திருமணமாகி ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு, கணக்குகளைத் திறந்து பார்த்தபோது அவர் பெயரில் மிஞ்சியிருந்தது சுமார் 44,000 டாலர். மீதியெல்லாம் குடும்பச் செலவு, பணியாட்கள், உறவினர்கள், பலிக்காத முதலீடுகள் என்று கரைந்துபோயிருந்தது. அப்பா வங்கி வேலையை விட்டுவிட்டு மகளின் வரவு செலவைப் பார்த்துக்கொண்டவர். சம்பளத்தில் ஒரு பகுதியை மகளுக்கான அறக்கட்டளையில் போட வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவையும் அவர் நிறைவேற்றவில்லை.

இந்த உத்தரவுக்குப் பின்னால் இன்னொரு குழந்தையின் கதை இருக்கிறது. சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்து பார்த்தபோது பெற்றோர் பணத்தைச் செலவழித்துத் தீர்த்திருந்தார்கள். அவர் 1938-இல் வழக்குப் போட, மறு ஆண்டே குழந்தை நடிகர்களின் வருமானத்தைப் பாதுகாக்கக் கலிபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இருந்தும் ஷிர்லியைக் காப்பாற்ற முடியவில்லை. அப்பாவை அவர் வாழ்நாளில் வெறுக்கவில்லை. பணத்தைப் பல ஆண்டுகள் தானே கண்டுகொள்ளாமல் இருந்ததால் ஏமாற்றம் தெரியவில்லை என்ற தொனியில்தான் எழுதினார். அது அவருடைய பெருந்தன்மை. நடந்தது அநியாயம் என்று நாம் சொல்வதற்கு அது தடையில்லை.

சினிமாவை ஏன் விட்டார்?

1940-இல் 'தி புளூ பேர்ட்' தோற்றதும் ஃபாக்ஸோடு ஒப்பந்தம் முடிந்தது. வெஸ்ட்லேக் பெண்கள் பள்ளியில் சேர்ந்து, முதன்முறையாக மற்றப் பெண்களோடு வகுப்பில் உட்கார்ந்து படித்தார். பதின்ம வயதில் நடித்த சில படங்கள் நன்றாகவே ஓடின. 1948-இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஃபோர்ட் அப்பாச்சி' அதில் ஒன்று. ஆனால் மக்கள் தேடியது அந்தப் பழைய குழந்தையை.

பதினேழு வயதில் ஜான் ஏகரை மணந்தார். அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1950 தொடக்கத்தில் ஹவாயில் சார்லஸ் பிளாக்கைச் சந்தித்தார். கடற்படை உளவுப் பிரிவில் இருந்த அவர் ஷிர்லியின் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னாராம். அந்த ஆண்டு டிசம்பரில் திருமணம். 2005-இல் சார்லஸ் இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது. 1958-இல் சிறுவர்களுக்கான கதைத் தொடர் ஒன்றைத் தொலைக்காட்சியில் தொகுத்து வழங்கியதைத் தவிர, நடிப்பின் பக்கம் அவர் பெரிதாகத் திரும்பவில்லை.

அரசியலுக்கு எப்படி வந்தார்?

தோல்வியோடு. 1967-இல் கலிபோர்னியாவின் சான் மட்டேயோ பகுதிக்கான நாடாளுமன்ற இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சிக்காரராக நின்றார். வியட்நாம் போரை இன்னும் தீவிரமாக நடத்த வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. எதிர்த்து நின்ற பீட் மெக்ளோஸ்கியும் அதே கட்சிதான். கொரியப் போரில் சண்டையிட்ட வீரர், ஆனால் வியட்நாம் போரை எதிர்த்தவர். முதற்கட்டத்திலேயே மெக்ளோஸ்கி முந்திவிட்டார். போர் விஷயத்தில் ஷிர்லியின் பக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தோற்றதும் அவர் வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. அடுத்த ஆண்டே அதிபர் தேர்தலில் நின்ற நிக்சனுக்காக மேடையேறினார்.

1968-இல் பிராக் நகரில் என்ன நடந்தது?

அவருடைய அண்ணன் ஜார்ஜுக்கு மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நரம்பு நோய். அதனால் அந்த நோய்க்கான சர்வதேசக் கூட்டமைப்பில் ஷிர்லி தீவிரமாக உழைத்தார். செக்கோஸ்லோவாக்கியாவையும் அதில் சேர்ப்பதற்காக 1968 ஆகஸ்டில் அதன் தலைநகர் பிராக் போனார். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் அலெக்சாண்டர் டுப்செக்கின் தலைமையில் பத்திரிகைச் சுதந்திரமும் பேச்சுச் சுதந்திரமும் துளிர்விட்ட 'பிராக் வசந்தம்' அப்போது உச்சத்தில் இருந்தது. டுப்செக்கைச் சந்திப்பதும் பயணத் திட்டத்தில் இருந்தது.

ஆகஸ்ட் 20 நள்ளிரவில் சோவியத் தலைமையிலான கம்யூனிஸ்ட் நாடுகளின் ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தப் படைகள் எல்லையைக் கடந்தன. வென்செஸ்லாஸ் சதுக்கத்தை ஒட்டிய அல்க்ரான் ஹோட்டலில் தங்கியிருந்தார் ஷிர்லி. விடிந்தபோது தெருவில் டாங்கிகள். படைவீரர்களை நோக்கி முஷ்டியை உயர்த்திய ஒரு பெண்மணி சுடப்பட்டு விழுந்ததை அவர் கண்ணால் பார்த்தார். டுப்செக்கைப் பார்க்க முடியவில்லை. அவரைக் கைதுசெய்து மாஸ்கோவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வெளிநாட்டவரை ஏற்றிய கார் வரிசையோடு ஷிர்லி மேற்கு ஜெர்மனிக்கு வெளியேறினார்.

அவர் வாழ்க்கையில் எந்தப் படத்தையும்விட இந்த இரண்டு நாளைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சுடப்பட்ட அந்தப் பெண்ணைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்தும் பேட்டிகளில் பேசிக்கொண்டே இருந்தார்.

ஐ.நா.வில் என்ன செய்தார்?

1969-இல் நிக்சன் அவரை ஐ.நா. பொதுச்சபைக்கான அமெரிக்கக் குழுவில் நியமித்தார். சுற்றுச்சூழல், அகதிகள், முதியோர் போன்ற பொருள்களில் வேலை. 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மனிதச் சுற்றுச்சூழல் மாநாட்டிலும் அமெரிக்கக் குழுவில் இருந்தார்.

புற்றுநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர் என்கிறார்களே?

1972 நவம்பரில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மார்பகம் என்ற சொல்லையே பொதுவெளியில் உச்சரிக்கத் தயங்கிய காலம். அவர் மருத்துவமனையிலிருந்தே செய்தியாளர்களிடம் பேசினார், பத்திரிகையில் எழுதினார். கட்டி தெரிந்தால் பயந்து வீட்டில் உட்காராதீர்கள், மருத்துவரிடம் போங்கள் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டார்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அந்தக் காலத்தில் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுப்பார்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் அந்த மயக்கத்திலேயே மார்பகத்தை அகற்றிவிடுவார்கள். விழித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கே தெரியும். ஷிர்லி அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் பரிசோதனை, பிறகு தான் யோசித்து முடிவெடுத்த பின்தான் சிகிச்சை என்று உறுதியாக நின்றார். தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமையை ஒரு பிரபலம் இவ்வளவு தெளிவாகக் கேட்டது பல்லாயிரம் பெண்களுக்குத் துணிச்சல் கொடுத்தது. கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு தன் நோயைப் பற்றிப் பேசியது இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1974-இல்.

கானாவில் தூதர் பணி எப்படி இருந்தது?

1974-இல் அதிபர் ஃபோர்டு அவரைக் கானாவுக்குத் தூதராக நியமித்தார். அந்த நாட்டுக்குப் போன முதல் பெண் அமெரிக்கத் தூதர் அவர்தான். 'நடிகைக்கு எதற்கு இந்த வேலை' என்ற முணுமுணுப்பு வாஷிங்டனில் பலமாக இருந்தது. கானாவின் தலைநகர் அக்ராவில் அப்படி இல்லை. சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்களோடு உட்கார்ந்து பேசினார், நாட்டின் பல பகுதிகளுக்கும் போனார். பெண் என்பதாலோ நடிகை என்பதாலோ கானாவில் தன்னை யாரும் குறைவாக நினைக்கவில்லை, தான் வளர்ந்துவிட்டதை நம்ப மறுப்பவர்கள் அமெரிக்கர்கள்தான் என்று அங்கிருந்து சொன்னார்.

அங்கே ஜெனரல் அச்சாம்போங்கின் ராணுவ ஆட்சி. வல்லரசுகளின் பனிப்போரில் ஆப்பிரிக்க நாடுகள் பகடையாக உருட்டப்பட்ட நேரம். 1976-இல் வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சரின் ஆப்பிரிக்கப் பயணத்தில் கானாவும் இருந்தது. கடைசி நேரத்தில் கானா அரசு அந்த வருகையை வேண்டாம் என்றுவிட்டது. எந்தத் தூதருக்கும் சங்கடமான தருணம் அது.

அதற்குப் பிறகு?

1976 ஜூலையில் அமெரிக்க அரசின் புரோட்டோகால் தலைவர் ஆனார். வெளிநாட்டுத் தலைவர்களை வரவேற்பது, தூதர்களின் நியமனச் சடங்குகள், விருந்து, இருக்கை வரிசை எல்லாம் இந்தப் பதவிக்காரரின் பொறுப்பு. இதிலும் முதல் பெண் அவரே. கார்ட்டர் பதவியேற்ற 1977 ஜனவரி வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் வெளிநாட்டுப் பதவி எதுவும் இல்லை. அந்த இடைவெளியில், புதிதாக நியமிக்கப்படும் தூதர்களுக்கு வெளியுறவுத் துறை நடத்திய பயிற்சி வகுப்புகளை முன்னின்று நடத்தினார்.

செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எப்போது போனார்? வெல்வெட் புரட்சியை நேரில் பார்த்தாரா?

பார்த்தார். கம்யூனிஸ்ட் ஆட்சியை ஆயுதமில்லாமல் கவிழ்த்த மக்கள் எழுச்சிக்குத்தான் அந்தப் பெயர். 1989 ஆகஸ்டில், 61-ஆவது வயதில், அதிபர் மூத்த புஷ்ஷால் நியமிக்கப்பட்டு அதே பிராக் நகரத்துக்குத் தூதராக வந்தார். நியமனப் பத்திரத்தை அவர் கொடுத்தது குஸ்தாவ் ஹுசாக்கிடம். டுப்செக்கை அகற்றிவிட்டு, சோவியத் படையின் நிழலில் கட்சித் தலைமைக்கு வந்தவர் அவர். 1968-இல் டாங்கிகளைப் பார்த்தவர், அந்த டாங்கிகளால் நிலைபெற்ற ஆட்சியின் அதிபர் முன்னால் நின்று கைகுலுக்க வேண்டியிருந்தது.

அப்போது யாரும் இந்த ஆட்சி நான்கு மாதத்தில் கவிழும் என்று எதிர்பார்க்கவில்லை. நவம்பர் 17-ஆம் தேதி மாணவர் ஊர்வலத்தைக் காவல்துறை நாரோத்னி தெருவில் மறித்து அடித்து நொறுக்கியது. அந்த அடிதான் ஊரையே தெருவுக்குக் கொண்டுவந்தது. நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது. 24-ஆம் தேதி கட்சித் தலைமை விலகியது. 27-ஆம் தேதி நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தம். 29-ஆம் தேதி கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தனி அதிகாரம் தந்த அரசியல் சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. டிசம்பர் 10-இல் ஹுசாக் பதவி விலகினார். டுப்செக் நாடாளுமன்றத் தலைவராகத் திரும்பி வந்தார். டிசம்பர் 29-இல், ஆண்டின் தொடக்கத்தில் சிறையில் இருந்த நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் நாட்டின் அதிபரானார்.

தூதர் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய முடியும்? புரட்சியை நடத்தியவர்கள் அந்த நாட்டு மக்கள். அந்தப் பெருமையில் பங்கு கேட்க எந்தத் தூதருக்கும் உரிமையில்லை. தெருவில் நடப்பதைத் துல்லியமாக வாஷிங்டனுக்குத் தெரிவிப்பதும், எதிர்க்கட்சியினரோடு தொடர்பை அறுக்காமல் வைத்திருப்பதும், ஆட்சி மாறியதும் புதியவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதும்தான் தூதரின் வேலை. 1990 பிப்ரவரியில் ஹாவெல் அதிபராக முதல்முறை வாஷிங்டன் சென்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது, அந்தப் பயணத்தில் ஷிர்லியும் உடன் சென்றார்.

1968-இல் வந்த சோவியத் படைகளின் கடைசிப் பிரிவு 1991 ஜூனில் நாட்டைவிட்டு வெளியேறியது. அவர்கள் வந்ததைப் பார்த்த ஷிர்லி, போனபோதும் அங்கேதான் தூதராக இருந்தார். 1992 ஜூலையில் பணியை முடித்துக்கொண்டார்.

நடிகை என்பதால்தானே இந்தப் பதவிகள் கிடைத்தன?

கதவைத் திறந்தது அந்தப் பெயர்தான். அவரே இதை மறுத்ததில்லை. ஷிர்லி டெம்பிள் என்ற குழந்தை தனக்காகக் கதவுகளைத் திறந்துவிடுகிறாள் என்று நன்றியோடு சொல்லியிருக்கிறார். கட்சிக்காக உழைத்ததும் ஒரு காரணம். அமெரிக்காவில் அப்படிக் கிடைக்கும் தூதர் பதவிகள் ஏராளம்.

ஆனால் கதவு திறந்த பிறகு உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பது வேறு. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. படப்பிடிப்பில் மற்றவர்களின் வசனத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டு வரும் குழந்தையாக இருந்தவர், தூதரகத்திலும் கோப்புகளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனார். வெளியுறவுத் துறை அதிகாரிகள் பொதுவாக அரசியல் நியமனக்காரர்களை லேசில் மதிப்பதில்லை. அந்தத் துறையே 1987-இல் அவரைக் கௌரவ வெளியுறவுப் பணி அதிகாரியாக ஏற்றது. அப்படி ஏற்கப்பட்ட முதல் ஆள் அவர். பிராக் நியமனம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவர் பெயரில் ஒரு பானம் இருக்கிறதே?

இஞ்சிச் சுவையுள்ள சோடாவான ஜிஞ்சர் ஏலில் மாதுளைச் சிரப் கலந்து, மேலே ஒரு செர்ரிப் பழம் வைத்துத் தருவார்கள். மது கிடையாது. அவருக்கு அது பிடிக்காது. தித்திப்பு அதிகம் என்பார்.

எப்போது இறந்தார்?

2014 பிப்ரவரி 10-ஆம் தேதி, கலிபோர்னியாவின் வுட்சைடில் தன் வீட்டில். வயது 85. அதற்கு முன் 1998-இல் கென்னடி மையத்தின் கௌரவமும், பின்னர் திரை நடிகர் சங்கத்தின் வாழ்நாள் சாதனை விருதும் அவருக்குக் கிடைத்தன.

அவரைத் தெரிந்துகொள்ள எதைப் பார்க்கலாம்?

'பிரைட் ஐஸ்' படத்தில் தொடங்கலாம். 'தி லிட்டில் கர்னல்' படத்தில் அந்தப் படிக்கட்டுக் காட்சியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். வளர்ந்த ஷிர்லியைப் பார்க்க 'ஃபோர்ட் அப்பாச்சி'. அதன் பிறகு 1989-90-இல் பிராக் நகரிலிருந்து அவர் கொடுத்த தொலைக்காட்சிப் பேட்டி ஏதாவது கிடைத்தால் தேடிப் பாருங்கள். குழந்தைப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் அவருடைய நல்ல பாதியைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.